தூக்காத கிளாஸ்

புதுச்சேரியில் கடலைப் பார்த்த பார் அது. அங்கே மேடையேறும் குழுவுக்குக் கூலி பாட்டுக்கு இல்லை, குடிக்கிற மிடறுக்கு. பாட்டு ஓடும்போது யார் கிளாஸைத் தூக்கினாலும் மேடைப் பலகையில் ஓர் எண் ஏறும். மூன்று நிமிடம் எண் ஏறாமல் நின்றால் மைக் தானாக அணைந்துவிடும். மறுநாள் வேறு குழு வந்துவிடும்.

ஆறு வருஷமாக செலின் அங்கே குத்துப்பாட்டுதான் பாடுகிறாள். அவளே மெட்டுப் போட்ட மெதுவான பாட்டு ஒன்று, அரியாங்குப்பம் பஸ்ஸில் முணுமுணுப்பதோடு சரி.

"ஒரே ஒரு தடவை, கஸ்பார் அண்ணே. நாலு பேர் கேக்கப் பாடணும்."

டிரம்ஸ் வாசிக்கும் கஸ்பார் தலையைச் சொறிந்தார். "நீ நல்லாப் பாடினா எவன் குடிப்பான்? வாயைப் பொளந்துட்டுல்ல உக்காந்திருப்பான்."

"நீங்க சோடாவை வெச்சுக்கிட்டு அப்பப்போ ஒரு வாய் குடிங்களேன். அதையும்தான் எண்ணுதே."

"இந்த வயசுல என்னை சோடாக் குடியனாக்குறே. சரி, பாடு."

செலின் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மேசை மேசையாகப் பேச்சு அடங்கியது. எந்தக் கிளாஸும் நகரவில்லை. வெளியே அலைச் சத்தம்கூடக் கேட்டது. இரண்டாம் சரணத்தின் நடுவில் மைக் அணைந்தது.

அவள் திரும்பினாள். கஸ்பாரின் சோடா தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"ஏண்ணே குடிக்கல?"

"மறந்துட்டேம்மா."

அவர் பலகையைப் பார்க்கவே இல்லை.

"மீதி எப்படிப் போகும்? மைக் இல்லாமலே பாடேன்."