இன்னொருக்கா சொல்லுங்கம்மா

“கண்ணு, அப்பா நம்மளை விட்டுப் போயிட்டாருடா!”

போனைப் பிடித்துக்கொண்டு சாராள் கதறினாள். லண்டனில் இருக்கும் மகன் ஜெஃபின் போனில் தேம்பினான்.

“இன்னொருக்கா சொல்லுங்கம்மா” என்றான் குரல் நடுங்க.

சாராள் மறுபடியும் சொல்லி அழுதாள்.

பக்கத்து வீட்டு டெய்சிக்கு அது கேட்டுவிட்டது. பதறிப்போய் எதிரே இருந்த சர்ச்சுக்குச் சொல்ல ஓடினாள். சிறிது நேரத்தில் துக்க மணி விட்டுவிட்டு ஒலித்தது. டெய்சி திரும்பி வந்து சாராளைக் கட்டிக்கொண்டாள்.

“நேத்துக்கூட நல்லாப் பேசிட்டிருந்தாருங்களே அக்கா!”

அப்போது சாராளின் கணவர் மரியஅந்தோணி, மேட்டுப்பாளையம் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தார்.

“ஏனம்மணி டெய்சி, மணி அடிக்கறாங்களே, யாரு போனது?”

டெய்சி வீறிட்டபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஐயோ டெய்சி!” சாராள் தலையில் அடித்துக்கொண்டாள். “லண்டன் நாடகத்துல இத்தனை வருசம் கும்பல்ல நின்னவனுக்கு இப்பத்தான் பெரிய வேஷம். அப்பா செத்த சேதி கேட்டு அழோணுமாம். நான் அழுதாத்தான் அவனுக்கு அழுகை வருதாம்!”

போனில் ஜெஃபின் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தான்.

“சூப்பருங்கம்மா! அந்த மணிச் சத்தம் மட்டும் எப்படிங்க பண்ணுனீங்க?”