ஹெல்மெட்டுக்குள் நான்

எங்கள் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு மூன்று வருடம் நான்தான் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவதென்று முடிவெடுப்பவன். என் தோள் உடைந்ததும், கோச் தங்கவேல் ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி என் மூளையை நகலெடுத்தார். அதைப் புது ஆட்டக்காரனின் ஹெல்மெட்டில் பொருத்திவிட்டு, என்னை ஹாஸ்டலிலிருந்து துரத்தினார்.

இன்று ஃபைனல். கட்டுப்போட்ட கையோடு டிவியில் பார்த்தேன். கடைசிப் பத்து விநாடியில் அவன் பந்தோடு மரம்மாதிரி நின்றான். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். எங்கள் காலேஜ் தோற்றது.

உடனே கோச்சின் ஃபோன்.

“டேய் ஆல்வின், எங்கே எறியணும்னு நான் மைக்ல கேட்டா, ‘ஒரு நாளாவது என்னை வந்து பாத்தீங்களா சார்’னு உன் நகல் கேக்குதுடா!”

“பதில் சொல்லியிருந்தா, எறியச் சொல்லியிருப்பேனே சார்.”