சிவப்புச் சட்டை

"இன்னிக்கு டீமுக்குப் பயிற்சி, வெளியாள் யாரையும் உள்ளே விடமாட்டாங்கம்மா. வாசல்ல பலகை வச்சிருக்கே, பார்க்கலையா?"

ஓரெஸ்ட் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். வெளியே மைனஸ் முப்பது டிகிரிக் குளிர். அந்தப் பெண்ணின் புருவத்தில்கூடப் பனி பூத்திருந்தது.

"பார்த்தேங்க. சஸ்கட்டூன்லேர்ந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வர்றேன். ஒரு மூலையில நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்."

"யாரைப் பார்க்கணும்?"

"இருபத்திரண்டாம் நம்பரை."

ஓரெஸ்ட் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

அந்தப் பொது அரங்கில் பத்தொன்பது வருஷமாக ஐஸ் தளத்தை வழித்துச் சமமாக்கும் வண்டியை ஓட்டுகிறவர் அவர். சாயங்காலமானால் ஊர்ப் பிள்ளைகள் சறுக்குகிற அதே தளத்தில்தான் காலையில் நகரத்து ஹாக்கி அணி பயிற்சி செய்யும். இருபத்திரண்டாம் நம்பர் ரீட் சவாட்ஸ்கியை அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும். நவம்பரில் ஆட்டத்தின் நடுவே எதிரணிக்காரன் ஒருவன் இடித்ததில் பலகைச் சுவரில் தலை மோதி விழுந்தவன். நான்கு நாள் கண் திறக்கவில்லை. இருபத்து மூன்று வயசு.

தான் சொல்கிற வரைக்கும் அசையக்கூடாது என்று எச்சரித்து, அவளைத் தன் வண்டி நிற்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தளம் முழுக்கத் தெரியும். காகிதக் கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"தலைவலி இன்னும் வருதாங்க அவனுக்கு?"

"என்கிட்ட கேக்கறீங்களே! உங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்லையா?"

"நல்லாயிருக்கேன்னு ஒரே ஒரு வரி எழுதினான். நம்பறதா வேண்டாமான்னு தெரியலை."

"பசங்க எல்லாம் ஒரே ரகம். வான்கூவர்ல இருக்கானே என் பையன், அவனும் அந்த ஒரு வார்த்தையோட போனை வச்சிடுவான். பெத்த வயிறு கேக்குமா?"

"கேக்காதுங்க" என்றாள். "மூணு மாசமா எங்க வீட்டுல யாரும் ஒழுங்காத் தூங்கலை."

"அந்த மோதினவனைச் சொல்லணும். வெறும் பத்து ஆட்டத்துக்குத் தடையாம்! நானா இருந்தா ஆயுசுக்கும் மட்டையைத் தொடவிட்டிருக்க மாட்டேன்."

காபிக் கோப்பையின் மூடியை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

வீரர்கள் ஒவ்வொருவராகத் தளத்தில் இறங்கினார்கள். எல்லோரும் நீலச் சட்டை.

"அவன் மட்டும் சிவப்புல வருவான், பாருங்க" என்றார் ஓரெஸ்ட். "சிவப்பு போட்டிருந்தா யாரும் மோதக்கூடாதுன்னு அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவனுக்கு அந்தச் சட்டைதான். பாவம், கூடவே சறுக்குவான், ஒருத்தனும் பக்கத்துல போகமாட்டான்."

கடைசியாக ரீட் வந்தான். நீலச் சட்டையில்.

ஓரெஸ்ட் எழுந்து நின்றுவிட்டார். "அடப்பாவி! டாக்டர் அனுமதி கொடுத்துட்டாரு!"

"அப்படின்னா... இன்னிக்கு அவன்மேல மோதுவாங்களா?"

"மோதித்தானே ஆகணும்? இது ஹாக்கிம்மா."

அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. ரீட் வளைந்தான், ஓடினான், இரண்டு தரம் கோல் போட்டான். ஆனால் அவன் வருகிற பக்கமெல்லாம் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பயிற்சியாளர் விசில் ஊதி நிறுத்தினார்.

"என்ன, கல்யாண ஊர்வலமா இது? இடிங்கடா!"

அடுத்த முறை ரீட் மூலையில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைத் துரத்திப் பாய்ந்தபோது, நூற்றுப் பத்துக் கிலோ எடையுள்ள ஒருவன் பின்னாலேயே வந்து தோளால் இடித்தான். பலகைச் சுவர் அதிர்ந்த சத்தம் கொட்டகை வரை கேட்டது. ரீட் தளத்தில் கிடந்தான்.

அரங்கமே அப்படியே நின்றது. இடித்தவன் தன் கையுறைகளைக் கீழே போட்டுவிட்டு வெளிறிப்போய் நின்றான். அந்தப் பெண் ஓரெஸ்டின் கையைப் பிடித்த பிடியில் அவருக்கு எலும்பு வலித்தது. "எழுந்திருப்பா... எழுந்திருடா கண்ணா..." என்று முணுமுணுத்தாள்.

ரீட் முழங்காலில் நிமிர்ந்தான். தலைக்கவசத்தைச் சரி செய்துகொண்டான். பிறகு இடித்தவனை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்:

"இவ்வளவுதானா? என் தங்கச்சி இதைவிட பலமா இடிப்பாளேடா!"

அத்தனை பேரும் மட்டைகளால் தளத்தைத் தட்டினார்கள். அந்த ஓசை கூரையில் முட்டி எதிரொலித்தது. ரீட் சிரித்துக்கொண்டே மறுபடி ஓடினான். அவள் வாய்விட்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள்.

"போதும்மா, போதும். எல்லாம் சரியாப் போச்சு" என்று அவள் தோளைத் தட்டினார். "வாங்க, உங்க பையன்கிட்ட நானே கூட்டிக்கிட்டுப் போறேன். இந்த நாள்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தாள்.

"எவரெட், அம்மாடா... முதல்ல படுக்கையை விட்டு எழுந்திரு. என் கண்ணாலேயே பார்த்துட்டேன்டா... நவம்பர்ல நீ இடிச்சு விழவச்ச பையன் எழுந்து ஓடறான்!"