சும்மா வந்த ஒயர்

"இன்னாம்மா யோசிக்கிறே? பக்கத்து வூட்டுக்காரன் ஒயரை அறுத்துட்டான்னு எழுதிக் குடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

வேலாயுதம் வாசலிலேயே காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

டிஷ் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஷாரோன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒயரையே இன்னும் பாக்கல சார்" என்றாள்.

கூடத்து டிவி பளிச்சென்று ஓடுகிறது. தறி ரூமில் இருக்கும் இரண்டாவது டிவியில் மட்டும் ஐந்து நாளாக 'சிக்னல் இல்லை'. தறியில் உட்காரும் அவர் மனைவி கமலவேணி, பாட்டுச் சத்தம் இல்லாமல் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது என்கிறாள்.

வேலாயுதம் பிள்ளையார்பாளையத்தில் கூலித் தறியில் தொடங்கி, நாலு தறிக்குச் சொந்தக்காரர் ஆனவர். பேரத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். எதிராளியைப் பேச விடக்கூடாது; பேச விட்டால் விலை ஏறிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் டிஷ் மாட்ட வந்த ஆளையும் வாய் திறக்க விடாமல் மடக்கி, இரண்டாவது டிவிக்குச் சும்மாவே ஒயர் இழுக்க வைத்தார். அந்தப் பிரதாபத்தைக் கேட்காதவர் தெருவில் கிடையாது.

இப்போது அவர் கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக் குமரகுரு மேல்.

குமரகுரு பட்டுக்குச் சாயம் போடுகிறவர். ஈரப் பட்டு நூலை மூங்கிலில் கோத்து, இரண்டு மாடிக்கும் நடுவிலுள்ள பொதுச் சுவரில் மூங்கிலின் ஒரு முனையை வைத்துக் காயப்போடுவார். அந்தச் சுவர் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. அவர் டிஷ்ஷும் அதே சுவரில்தான் நின்றது. அது தன் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று போன வாரம் வேலாயுதம் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார் குமரகுரு.

"ஒரு வார்த்தையும் வாணாம்பா. எடுன்னா எடு."

அன்று சாயங்காலமே குமரகுரு டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனார். அதே சாயங்காலம் தறி ரூம் டிவி படுத்துக்கொண்டது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டிஷ்ஷை எடுக்கச் சொன்ன வயிற்றெரிச்சலில் என் ஒயரில் கையை வைத்துவிட்டான் என்று ஐந்து நாளாக டீக்கடை வரைக்கும் சொல்லி வருகிறார். ஷாரோன் எழுதிக் கொடுத்தால் போதும். அதைக் கொண்டுபோய் நெசவாளர் சங்கத்தில் காட்டி, இனி அந்தச் சுவரில் ஒரு மூங்கில்கூட வைக்கக்கூடாது என்று முடிவு வாங்கிவிடுவார்.

அப்புறம் அந்த மனுஷன் எங்கே போய்க் காயப்போடுவார் என்று கமலவேணி காலையில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். நடுரோட்டில் காயப்போடட்டும் என்றார்.

ஷாரோன் அவசரப்படவில்லை. கூடத்து டிவியின் செட்டாப் பெட்டியைத் தறி ரூமில் மாட்டிப் பார்த்தாள், சிக்னல் இல்லை. தறி ரூம் பெட்டியைக் கூடத்தில் மாட்டினாள், படம் வந்தது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஒயரில்தான் கோளாறு என்றாள்.

"அதைத்தான நான் அஞ்சு நாளா கத்திக்கினு இருக்கேன்."

அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறினாள். ஒயர் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வேலாயுதத்தின் டிஷ்ஷைத் தாண்டி, பொதுச் சுவர்வரை போய் நின்றது. அங்கே அதை வளையமாகச் சுருட்டி, ஈரம் இறங்காமல் முனைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அரக்கு நிறப் பட்டு நூலால் கட்டி, ஓர் ஆணியில் மாட்டியிருந்தது.

நூலைக் கண்டதும் வேலாயுதம் ஒரு குதி குதித்தார். "பாத்தியா? அவன் வூட்டுச் சாயம். கையும் களவுமா மாட்டிக்கினான். எழுதும்மா."

சத்தம் கேட்டுக் குமரகுரு தன் மாடிக்கு வந்தார். முழங்கைவரை சாயம். நாலு வீடு கேட்கும்படி வேலாயுதம் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினார். போனால் போகிறது என்று சுவரில் இடம் கொடுத்தால் ஒயரிலேயே கை வைப்பாயா என்றார். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறாயா என்றார். குமரகுரு இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மூடிக்கொண்டார்.

ஷாரோன்தான் குறுக்கே வந்தாள். "சார், இது அறுத்ததில்ல, கழட்டினது. உங்க டிஷ்ல ஒரு ஒயர் மாட்டத்தான் இடம் இருக்குது. அது கூடத்து டிவிக்குப் போயிடுச்சு. இந்த ஒயர் ஒரு நாளும் உங்க டிஷ்லேர்ந்து வரல."

"பின்ன எங்கேர்ந்து வந்துச்சாம்?"

அவள் சுவரைக் காட்டினாள். குமரகுருவின் டிஷ் நின்ற இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி டிஷ்தான் என்றாள். சும்மா இழுக்கிற ஒயருக்குத் தன் கைச்சாமானை எதற்குச் செலவழிப்பது என்று, அன்றைக்கு வந்த ஆள் பக்கத்து டிஷ்ஷில் காலியாக இருந்த இடத்தில் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.

காகிதம் நீட்டிய கை கீழே இறங்கியது. எதிராளி பேசட்டும் என்று வேலாயுதம் வாயை மூடியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேண்ணே" என்றார் குமரகுரு.

வேலாயுதம் காகிதத்தை நாலாக மடித்தார். அப்போதும் இறங்கிப் பேச வரவில்லை. "சரி சரி, டிஷ்ஷை இங்கியே மாட்டிக்கப்பா. பாவம், உங்க வூட்டு டிவியும் அஞ்சு நாளா ஓடாமத்தான கெடக்கும்."

"எங்க வூட்ல டிவி ஏதுண்ணே? பொண்ணு அகிலா பிளஸ் டூ படிக்கிதுன்னு போன வருஷமே தூக்கி மச்சானுக்குக் குடுத்துட்டேன். அண்ணி பாட்டு கேட்டுக்கினே நெய்யறாங்களேன்னுதான் டிஷ்ஷை மட்டும் வுட்டு வெச்சிருந்தேன்."