ஹோல்டில் நிற்கும் ஓடர்

"மூண்டு நாளா 'ஹோல்ட்' எண்டே நிக்குது. இதைப் பாத்துக்கொண்டு இருக்கவோ இந்த ஓடர் 'அப்'பை என்ர ஃபோனில போட்டுத் தந்தனீங்கள்?"

த்ரீவீலை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கௌரி ஃபோனை ஷிப்லியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வெள்ளவத்தையில் ரோல்ஸ், பற்றீஸ் செய்து விற்கும் கடை அவளுடையது. ஆறு வருடமாகக் கொட்டாஞ்சேனை ஷிப்லியிடம்தான் கோழியிறைச்சி எடுக்கிறாள். ஓடர் போட்டால் ஏற்றுக்கொண்டார்களா, பொதி கட்டியாயிற்றா, லொறி வெளிக்கிட்டதா எல்லாம் ஃபோனிலேயே தெரியும். செவ்வாய்க்கிழமை போட்ட ஐம்பது கிலோ மட்டும் அசையவில்லை. இன்று வியாழன்.

"இருங்க அக்கா. தண்ணி ஏதும் குடிக்கிறீங்களா?"

"தண்ணி குடிக்க வரேல்லை நான். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில ஸ்போர்ட்ஸ் மீட். அறுநூறு ரோல்ஸ் குடுக்க வேணும். உங்களுக்கு அடிச்சா எப்பவும் பிஸி. சாமான் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கொச்சிக்கடையில எடுத்திருப்பன்."

"அக்கா, நான் சொல்றத..."

"ஒண்டும் சொல்ல வேண்டாம். ஆரோ பெரிய ஹோட்டல்காரன் கூடின விலை தந்திருப்பான். என்ர பங்கைத் தூக்கிக் குடுத்திட்டு, எனக்கு 'ஹோல்ட்'. ஆறு வருசப் பழக்கத்துக்கு இதுதானோ மரியாதை?"

கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். ஷிப்லி போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே தட்டுகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. நிலம் கழுவியிருந்தது. மருந்து வாசம் மூக்கில் ஏறியது.

"எங்க சாமான்?"

"எறிஞ்சிட்டேன். போன சனி, ஞாயிறு மழைக்குக் கரண்ட் இல்லாமப் போன தானே. ஜெனரேட்டரும் பழுது. திங்கக்கிழம வந்து பாத்தா எல்லாம் உருகி ஈக்கி. ரெண்டு டன், அக்கா. திரும்பக் குளிர வெச்சா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு மனசு வரல்ல. அண்டையில இருந்து புது சாமானுக்குத்தான் ஃபோனும் கையுமா நிக்கிறேன்."

கௌரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப கான்சல் எண்டு போட்டிருக்கலாமே?"

"கான்சல் போட்டா திரும்ப ஓடர் போடோணும். உங்கட பேர் கடைசிக்குப் போயிடும். ஹோல்டில இருந்தா இடம் போகாது. இண்டைக்குப் பின்னேரம் லொறி வருது. முதல் ஐம்பது கிலோ உங்களுக்குத்தான்."

அவளுக்கு முகம் சுட்டது. ஹோட்டல்காரன் கதையை எடுத்திருக்கத் தேவையில்லை.

"எத்தினையோ பெரிய கடையள் இருக்கேக்க, எனக்கேன் முதல்ல?"

"உங்கட பக்கமும் ரெண்டு நாள் கரண்ட் இல்ல தானே. செவ்வாக்கிழம காலையிலயே ஐம்பது கிலோ கேட்டதும் எனக்கு விளங்கின. பாவம், இவங்களும் ஃப்ரீஸர்ல இருந்ததெல்லாம் எறிஞ்சிட்டாங்க எண்டு. நட்டப்பட்டு நிக்கிற ஆளக் காக்க வெக்க ஏலாதே."

கௌரி ஃபோனை மெல்லக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவளுடைய ஃப்ரீஸரில் உருகிக் கிடந்த நாற்பது கிலோவும் ரோல்ஸாகி, திங்கட்கிழமையே ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் விற்றுத் தீர்ந்திருந்தது.