தார்ப்பாய்

பழைய கார்கள் கண்காட்சியில் இரண்டு அமெரிக்கக் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"நான் லாரியில் ஏறித்தான் வந்தேன். என் டயரில் மண் படக் கூடாதாம்," என்றது சிவப்புக் கார். "நீ ஏன் இப்படிப் புழுதியாக நிற்கிறாய்?"

"மலையேறி ஓடியே வந்தேன். வழியில் சூடாகி நின்றேன். என் ஆள் எபினேசர் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்," என்றது பச்சைக் கார்.

திடீரென்று தூறல் விழுந்தது. சிவப்புக் காரின் சொந்தக்காரர் பதறிப்போய் அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தி இழுத்துக் கட்டினார்.

"பார்த்தாயா, அவருக்கு என் மேல் எவ்வளவு உயிர்!" என்றது சிவப்புக் கார் உள்ளிருந்து.

அப்போது வெளியே அவர் குரல் கேட்டது. "எபினேசர், மழை வலுக்குதுப்பா. உன் வண்டியில என்னை வீட்டுல விட்டுடுறியா?"

பச்சைக் கார் இருமிக்கொண்டே கிளம்பியது. தார்ப்பாய்க்குள் சிவப்புக் கார் ஒரு சொட்டுக்கூட நனையாமல் நின்றது.