நாலாம் இலக்கம்

கண்டியில் பஸ் ஏறி, அக்குறணையில் இறங்கி, கொதிக்கிற வெயிலில் உள்ளே நடந்து நளீர் ஹாஜியார் வீட்டுக்கு நப்லா வந்தது சண்டை போடத்தான்.

ஹாஜியார் அந்தப் பக்கத்துக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி. வீட்டில் யாராவது திடீரென்று மௌத்தானால் வந்து பார்த்து, நாலு பேரிடம் விசாரித்து, என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்கிறவர். நப்லாவுக்குக் கண்டி சுகாதார அலுவலகத்தில் கம்பியூட்டர் வேலை. அவள் வாய்க்கு அங்கே பெரிய டொக்டர்களும் பயம்.

ஒரே ஊர்க்காரி என்பதால் ஹாஜியார் அவளுடைய வீட்டார் சுகம் விசாரித்தார். கதிரையை இழுத்துப் போட்டு, இஞ்சி பிளேன்டீயும் கொடுத்தார். அவள் கோப்பையைத் தொடவே இல்லை. லெப்டொப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

செயற்கை நுண்ணறிவில் ஓடுகிற புதிய திட்டம் அது. இரண்டு வருடத்து மரணப் பத்திரங்களையும் அந்தந்த நாளின் வெயிலையும் சேர்த்து வாசித்து, சூட்டால் போன உயிர் எது என்று சொல்லும். பேர், விலாசம், தேதி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் பத்திர இலக்கத்தை மட்டும் காட்டும். மெஷின் பாருங்கள், யார் மனது நோகும் என்ற கவலை அதற்கு இல்லை. சந்தேகப்பட வெட்கமும் இல்லை. ஹாஜியார் எழுதியதில் ஒன்பதைச் சிவப்பாக்கி வைத்திருந்தது. ஒன்பதுக்கும் அவர் போட்டிருந்த காரணம் மாரடைப்பு.

"ஒம்பது பேருக்கும் ஒரே நெஞ்சு வருத்தமா ஹாஜியார்?"

அவர் லெப்டொப்பை அவள் பக்கமே தள்ளி வைத்தார். நப்லா விடவில்லை. இவர் எழுதியதை நம்பித்தான் இந்தப் பக்கத்தில் சூட்டால் யாரும் சாகவில்லை என்று மேலே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மற்ற ஊர்களுக்குப் போகிற வெயில் எச்சரிக்கை இங்கே வருவதில்லை. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. நேற்றும் ஒரு மேசன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இவ்வளவையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

ஹாஜியார் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். சூடு என்று சந்தேகம் எழுதினால் மையித்தைப் பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்குப் போனால் நாளைக்கோ மறுநாளோதான் திரும்பி வரும். அஸர் தொழுகைக்கு முன்னம் அடக்க வேண்டும், வெட்ட விடாதீங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடித்து அழுதார்கள். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"நீங்க மௌத்தானவங்களுக்கு இரக்கப்பட்டீங்க. உசிரோட ஈக்கிறவங்களுக்கு யாரு இரக்கப்படுற?"

ஹாஜியார் துவாயை மடித்துக் கதிரையில் போட்டார்.

"உண்மதான் மகள். பிழ என்டதான். எழுதித் தாறேன்."

அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். பத்திரத்தில் எழுத முடியாததை, அதே பத்திர இலக்கத்தைப் போட்டு அதில் எழுதி வைப்பது அவர் வழக்கம். மறுமையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. கொப்பியைப் பார்த்துப் பார்த்து, அவள் நீட்டிய தாளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே சூடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போகும், விசாரணையும் வரும். அது இரண்டு பேருக்கும் தெரியும். நப்லாவுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

நாலாம் இலக்கத்தை மட்டும் அவர் தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டாள்.

"அது நெஞ்சு வருத்தம்தான் மகள். மெஷின்தான் பிழயாச் சொல்லீக்கி."

மெஷின் ஆக உறுதியாகச் சொன்னதே அந்த இலக்கத்தைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நப்லாவின் பாவமெல்லாம் பறந்துவிட்டது. எட்டை ஒத்துக்கொண்ட மனுசன் ஒன்றை மூடி மறைக்கிறார் என்றால் அது யாருக்காக? சொந்தக்காரர் வீடா, ஊர்ப் பெரிய மனுசர் வீடா? முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"சொந்தமும் இல்ல, பெரிய மனுசரும் இல்ல. எட்டுக்கும் என்ன தண்டன வந்தாலும் நான் ஏத்துக்கிறேன். இந்த ஒண்ட மட்டும் விட்டுடுங்க மகள்." அவர் குரல் கெஞ்சியது.

"ஒண்ட மறச்சா மத்த எட்டையும் எப்பிடி நம்புற?"

கேட்டுக்கொண்டே கொப்பியைப் பறித்தாள். ஹாஜியார் பதறி எழுந்து கை நீட்டினார். எட்டவில்லை.

நாலாம் இலக்கத்துக்கு நேரே அவளுடைய வாப்பாவின் பேர் இருந்தது. ஹாஜியார் எழுதிக் கொடுத்தபடி, போன நோன்பில் மாரடைப்பில் மௌத்தானவர் என்றுதான் அவள் இதுவரை நம்பியிருந்தாள்.

பேருக்குக் கீழே ஹாஜியாரின் பொடி எழுத்து:

"மேல்மாடி அறை, தகரக் கூரை. நோன்போடு களைத்து வந்த மனுசன் ரோட்டுச் சத்தம் இல்லாமல் தூங்கட்டும் என்று, மகள் ஜன்னலை எல்லாம் சாத்திக் கதவையும் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். சூடுதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் தெரிய வேண்டாம். மாரடைப்பு என்று எழுதினேன்."